நாட்டின் முன்னேற்றத்தை எந்தக் கோலால் அளப்பது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இந்தப் பகுதியில், ஒரு நாடு முன்னேறுகிறதா என்பதை அது எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாமல், அதன் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதை ஏற்றும் மறுத்தும் கடிதங்கள் வந்துள்ளன. மறுத்து எழுதியவர்களின் கேள்விகள் கூர்மையாக இருப்பதால், இந்த முறை அவற்றுக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற கணக்கு இவ்வளவு குறையுடையது என்றால், உலக நாடுகள் எல்லாம் அதை ஏன் ஏற்றுக்கொண்டன? பொருளாதார அறிஞர்களுக்கு இது தெரியாமலா போயிற்று? – ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

நன்றாகவே தெரியும். அந்தக் கணக்கை உருவாக்கியவரே முதலில் எச்சரித்தார். 1930-களின் பெருமந்தம் அமெரிக்காவை உலுக்கியபோது, நாடு மொத்தத்தில் எவ்வளவு இழந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரு கணக்கு அந்நாட்டு அரசின் கையில் இருக்கவில்லை. பங்கு விலை, சரக்கு ரயில்களின் போக்குவரத்து, எஃகு உற்பத்தி என்று சிதறிக் கிடந்த எண்களைப் பார்த்துத்தான் கொள்கை வகுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குறையைத் தீர்க்கச் சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளாதார அறிஞரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. 1934-ல் அவர் அமெரிக்க செனட்டுக்கு அளித்த அறிக்கை, 1929-க்கும் 1932-க்கும் இடையில் தேசிய வருமானம் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்துவிட்டது என்பதை முதன்முறையாக ஒரே எண்ணில் காட்டியது. அதே அறிக்கையில்தான், தேசிய வருமானத்தை அளந்துவிட்டு அதிலிருந்து ஒரு நாட்டின் நலத்தை ஊகித்துவிட முடியாது என்றும் அவர் எழுதினார்.

எச்சரிக்கை மறக்கப்பட்டதற்குப் பெரும் காரணம் இரண்டாம் உலகப் போர். மக்களைப் பட்டினி போடாமல் எத்தனை விமானங்களையும் டாங்கிகளையும் செய்ய முடியும் என்பதே அரசுகளின் முன்னிருந்த கேள்வி. அதற்கு உற்பத்தியின் மொத்த அளவு தெரிந்தாக வேண்டும். ஆயுதச் செலவையும் விளம்பரச் செலவையும் ஊக வணிகத்தையும் கழித்துவிட்டு மக்களுக்கு உண்மையில் பயன்படுவதை மட்டும் கூட்ட வேண்டும் என்பது குஸ்நெட்ஸின் விருப்பமாக இருந்தது. போர்க்காலத்தில் அதைக் கேட்க ஆளில்லை. 1944-ல், போருக்குப் பிந்தைய உலக நிதி அமைப்பை வகுத்த பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் பிறகு உலகப் பொருளாதார நிறுவனங்கள் இந்தக் கணக்கின் மொழியிலேயே பேசத் தொடங்கின. 1953-ல் ஐக்கிய நாடுகள் அவை அதற்கான பொது விதிமுறைகளை வெளியிட்டது. போருக்கும் மந்தத்துக்கும் செய்த கருவியை அமைதிக்காலத்தில் முன்னேற்றத்தின் மதிப்பெண் பட்டியலாக மாற்றிவிட்டோம். கருவியின் மீது எனக்குக் குறை இல்லை; அதற்குக் கொடுக்கப்பட்ட பதவியின் மீதுதான் குறை.

கேள்வி: என் தாயார் படுக்கையில் விழுந்த பிறகு வேலையை விட்டுவிட்டு நான்கு ஆண்டுகளாக அவரைப் பார்த்துக்கொள்கிறேன். உறவினர்கள் "சும்மா வீட்டில் இருக்கிறாள்" என்கிறார்கள். நான் செய்வது நாட்டின் கணக்கில் எங்கே இருக்கிறது? – பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி

எங்கேயும் இல்லை, சகோதரி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் வாங்கும் மருந்து கணக்கில் இருக்கிறது. விரிப்புகளைத் துவைக்கும் சோப்பும் மின்சாரமும் இருக்கின்றன. விரிப்பை மாற்றும் உங்கள் கைகள் மட்டும் இல்லை. நாளைக்கே நீங்கள் வேலைக்குத் திரும்பி, ஊதியம் கொடுத்து ஒரு பராமரிப்பாளரை அமர்த்தினால், உங்கள் ஊதியமும் அவருடைய ஊதியமும் சேர்ந்து நாட்டின் உற்பத்தியை உயர்த்திக் காட்டும். உங்கள் தாயாருக்குக் கிடைக்கும் கவனிப்பு அதனால் ஒரு துளியும் கூடியிருக்க வேண்டியதில்லை. ஆர்தர் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் நூறாண்டுக்கு முன்பே இந்த முரண்பாட்டைச் சுட்டிக் காட்டினார்: ஒருவர் தம் வீட்டில் ஊதியத்துக்கு வேலை செய்யும் பெண்ணை மணந்துகொண்டால், அதே வேலை தொடர்ந்து நடந்தாலும் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்றார்.

தேசியக் கணக்கு விதிமுறைகள் இதில் தமக்குத் தாமே உண்மையாக இல்லை. விற்பனைக்கு வராத எல்லாவற்றையும் அவை ஒதுக்கிவிடுவதில்லை. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தமக்குத் தாமே வாடகை செலுத்துவதாகக் கற்பனை செய்து, அந்தத் தொகையை உற்பத்தியில் சேர்க்கிறார்கள். ஓர் உழவர் தம் குடும்பம் உண்பதற்காக விளைவித்த தானியத்துக்கும் மதிப்புப் போட்டுச் சேர்க்கிறார்கள். ஆனால் அந்தத் தானியத்தை அதே வீட்டில் ஒருவர் சமைத்துக் கொடுத்தால் அது உற்பத்தி ஆகாது. குழந்தைக்கு ஊட்டினால் ஆகாது. நோயாளிக்குக் கரைத்துப் புகட்டினால் ஆகாது. சந்தை விலை இல்லாததால் மதிப்பிடுவது கடினம், இதையும் சேர்த்தால் வேலையில்லாதவர் என்று எவருமே இருக்கமாட்டார் என்பதால் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரமே பொருளற்றுப் போகும் என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள். இரண்டாவது காரணத்தில் ஓரளவு நியாயம் உண்டு. முதல் காரணத்தை நான் ஏற்கவில்லை. யாரும் செலுத்தாத வாடகைக்கு மதிப்புப் போடத் தெரிந்தவர்களுக்கு இதுவும் முடியும்.

இந்த உழைப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மக்கள் தம் நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்டறியும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்திய 64 நாடுகளின் தரவுகளைத் திரட்டி, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஊதியமில்லாத பராமரிப்பு வேலையில் ஒவ்வொரு நாளும் 1,640 கோடி மணி நேரம் செலவாகிறது என்றது அது. அதாவது, 200 கோடிக்கும் மேற்பட்டோர் நாளுக்கு 8 மணி நேரம் சம்பளமின்றி உழைப்பதற்குச் சமம். இதில் முக்கால் பங்குக்கு மேல் பெண்களின் உழைப்பு: பெண்கள் சராசரியாக நாளுக்கு 4 மணி 25 நிமிடம், ஆண்கள் 1 மணி 23 நிமிடம்.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தந்தை பக்கவாதத்தால் பதினான்கு மாதங்கள் படுத்த படுக்கையாக இருந்தார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை அவரைப் புரட்டிவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பகலில் நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு ஆகிய நான்கு வேளையும் என் தாயாருடையது. கடிகாரத்தில் மணி வைத்துக்கொள்ளாமலேயே எழுந்துகொள்வார். ஒரு கையைத் தோளுக்கடியிலும் மறு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று மெல்லச் சொல்லி ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குப் பின்னால் தலையணையை அணைத்துவிட்டுத்தான் படுப்பார். பதினான்கு மாதங்களில் ஒரு புண்கூட வரவில்லை. வந்திருந்தால் மருத்துவமனைக் கட்டணம், கட்டுத்துணி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து என்று ஒவ்வொன்றும் நாட்டின் உற்பத்தியில் ஏறியிருக்கும். வராமல் பார்த்துக்கொண்டவரின் உழைப்பு எங்கேயும் பதிவாகவில்லை. நல்வாழ்வை அளக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவதற்கு எந்தப் புத்தகத்தையும்விட அந்தப் பதினான்கு மாதங்களே காரணம்.

இது வெறும் அங்கீகாரப் பிரச்சினை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நோயாளியை வழக்கத்தைவிட இரண்டு நாள் முன்னதாக வீட்டுக்கு அனுப்பினால், மருத்துவமனையின் செலவு குறைந்ததாகவும் அதன் திறன் கூடியதாகவும் கணக்கு சொல்லும். அந்த இரண்டு நாள் உழைப்பு ஒழிந்துவிடவில்லை. கணக்கு எழுதப்படும் இடத்திலிருந்து எழுதப்படாத இடத்துக்கு, பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோளுக்கு, மாறியிருக்கிறது. இப்படி எத்தனை 'சிக்கனங்கள்' நடந்திருக்கின்றன என்பதை உற்பத்திக் கணக்கை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கவே முடியாது.

கேள்வி: இயற்கை வளங்களை விற்று வரும் பணம் வருமானம்தானே? அதை வளர்ச்சி என்று சொல்வதில் என்ன தவறு? – பொருளியல் மாணவர்

வீட்டின் உத்தரத்தைப் பிடுங்கி விற்றாலும் கைக்குப் பணம் வரும். அதை எந்தக் குடும்பமும் வருமானம் என்று எழுதிக்கொள்ளாது. நவ்ரு என்ற தீவின் கதையை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். பசிபிக் பெருங்கடலில் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, சுற்றிவர ஒரு முற்பகல் போதுமான நாடு அது. தீவின் நடுப்பகுதி முழுவதும் உயர்தரமான பாஸ்பேட் பாறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அயலார் அதை வெட்டி உரத்துக்காக ஏற்றிச் சென்றார்கள். 1968-ல் விடுதலை பெற்ற பிறகு நவ்ரு அரசும் வெட்டுவதைத் தொடர்ந்தது. 1970-களில் தலா வருமானத்தில் உலகின் மிகச் செல்வமான நாடுகளில் ஒன்றாக அது விளங்கியது. பாஸ்பேட் தீர்ந்தது. எதிர்காலத்துக்கென்று ஒதுக்கிய நிதியும் தவறான முதலீடுகளில் கரைந்தது. தீவின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு, மண் சுரண்டப்பட்டு, கூரிய சுண்ணாம்புப் பாறைத் தூண்கள் மட்டும் பல்வரிசை போல நிற்கும் இடமாகிவிட்டது. அங்கே வீடு கட்ட முடியாது, பயிர் செய்ய முடியாது. மக்கள் கரையோரத்தின் குறுகிய பட்டையில் வாழ்கிறார்கள். விடுதலைக்கு முந்தைய அழிவுக்கு இழப்பீடு கேட்டு நவ்ரு 1989-ல், முன்பு தன்னை நிர்வகித்துவந்த ஆஸ்திரேலியாவின் மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது; 1993-ல் அது சமரசத்தில் முடிந்தது.

அந்தச் செழிப்பான ஆண்டுகளில் நவ்ருவின் உற்பத்திக் கணக்கில் ஒரு பிழையும் இருந்திருக்காது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கணக்கு சரியாகவே போடப்பட்டது. ஆனால் அதில் கழித்தல் என்ற பத்தியே இல்லை. ஒரு தொழிற்சாலை தன் எந்திரங்களுக்குத் தேய்மானம் எழுதாமல் லாபம் காட்டினால் தணிக்கையாளர் கையெழுத்திடமாட்டார். நாடுகளின் கணக்கில் மட்டும் காடும் மண்ணும் நிலத்தடி நீரும் தேயாதவை என்று வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகளை ஓட்டிவிட்டோம். இப்போது சிறிது மாற்றம் வந்திருக்கிறது. சூழல் அமைப்புகளைக் கணக்கிடும் முறை ஒன்றை ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் 2021-ல் ஏற்றது. 2025-ல் ஏற்கப்பட்ட புதிய தேசியக் கணக்கு விதிமுறை, இயற்கை வளம் தீர்ந்துபோவதை உற்பத்திச் செலவாகக் கருதி, அத்தகைய தேய்மானங்களைக் கழித்த நிகர உற்பத்திக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. நாடுகள் இதை நடைமுறைப்படுத்தப் பல ஆண்டுகள் ஆகும். ஆயினும், எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் நடந்த மிக நல்ல செய்திகளில் இது ஒன்று.

கேள்வி: ஒரு நாட்டின் பொருளாதாரம் ஒரே ஆண்டில் 26 விழுக்காடு வளர்ந்ததாகப் படித்தேன். இது நடக்கக்கூடியதா? – பட்டயக் கணக்காளர்

நீங்கள் படித்தது அயர்லாந்தைப் பற்றியதாக இருக்கும். 2015-க்கான வளர்ச்சி 26.3 விழுக்காடு என்று 2016-ல் அந்நாட்டின் புள்ளியியல் அலுவலகம் அறிவித்தது. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற தம் அறிவுசார் சொத்துகளை வரி வசதிக்காக அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றியதே அதற்கு முதன்மைக் காரணம். அந்நாட்டு மக்களின் ஊதியமோ வேலைவாய்ப்போ அந்த அளவில் கால் பங்குகூடக் கூடவில்லை. நாணயமான அலுவலகம் என்பதால் அவர்களே அதன் பின்னர், இத்தகைய ஏற்றங்களை நீக்கிய திருத்திய தேசிய வருமானம் ஒன்றை வெளியிடத் தொடங்கினார்கள்.

கேள்வி: எடையைக் கிலோவில் அளக்கலாம், நீளத்தை மீட்டரில் அளக்கலாம். மகிழ்ச்சியை எதில் அளப்பது? இன்று காலை பல்வலி என்றால் என் விடை மாறிவிடாதா? – கணித ஆசிரியர்

மாறும். ஆனால் உங்களுக்குப் பல்வலி வந்த அதே காலையில் வேறொருவருக்குப் பல்வலி தீர்ந்திருக்கும். ஆயிரம் பேரைக் கேட்கும்போது இத்தகைய ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும் என்பதை ஒரு கணித ஆசிரியருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் கேள்வியில் இருக்கும் ஆழமான ஐயம் வேறு. எதைக் கேட்கிறோம் என்பதே அது.

ஆண்டுதோறும் வெளியாகும் உலக மகிழ்ச்சி அறிக்கையைப் பற்றிய பெரும் தவறான புரிதல் ஒன்றை இங்கே நீக்கிவிடுகிறேன். 2012-ல் முதன்முதலாக வெளியான அந்த அறிக்கையின் தரவரிசை, யார் அதிகம் சிரிக்கிறார்கள் என்பதை அளப்பதில்லை. பூஜ்யத்திலிருந்து பத்து வரை படிகள் உள்ள ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உச்சிப்படி, உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை; அடிப்படி, மிக மோசமான வாழ்க்கை. இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதே கேள்வி. ஒரு நாட்டில் பொதுவாக ஆண்டுக்கு ஆயிரம் பேர் வீதம் மூன்றாண்டுகளுக்குக் கேட்டுச் சராசரி எடுக்கிறார்கள். தரவரிசை முழுக்க அந்தச் சராசரியே. தலா வருமானம், ஆரோக்கிய ஆயுள், இடுக்கணில் உதவ ஆள் உண்டா, வாழ்க்கை முடிவுகளில் சுதந்திரம், ஈகை, ஊழல் ஆகிய ஆறும் அந்த விடைகள் நாட்டுக்கு நாடு ஏன் வேறுபடுகின்றன என்று விளக்குவதற்கு மட்டுமே பயன்படுகின்றன. அவற்றைக் கூட்டித்தான் மதிப்பெண் போடுகிறார்கள் என்று பல நாளிதழ்கள் எழுதுவது தவறு. 2018-லிருந்து பின்லாந்து முதலிடத்தில் இருப்பதன் பொருள், பின்லாந்துக்காரர்கள் குதூகலத்தில் மிதக்கிறார்கள் என்பது அல்ல. தம் வாழ்க்கையை நிதானமாக மதிப்பிடும்போது பெரும்பாலானோர் அதை மேற்படிகளில் வைக்கிறார்கள் என்பதே.

பிரிட்டனின் புள்ளியியல் அலுவலகம் 2011-லிருந்து இதைவிட நுணுக்கமாகச் செய்கிறது. வாழ்க்கையில் எவ்வளவு நிறைவு, செய்யும் செயல்களுக்குப் பொருள் இருக்கிறதா, நேற்று எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள், நேற்று எவ்வளவு பதற்றமாக இருந்தீர்கள் என்று நான்கு கேள்விகள். இவை வேறு வேறு என்பது பெற்றோருக்குத் தெரியும்: கைக்குழந்தையோடு போராடிய நாளில் பதற்றமும் அதிகம், பொருளும் அதிகம்.

இம்முறையின் பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், ஏணிக் கேள்விக்கு முன்னால் அரசியல் பற்றிய கேள்விகளைக் கேட்டபோது மக்கள் தம்மைக் கணிசமாகக் கீழ்ப்படியில் வைத்துக்கொண்டார்கள் என்று பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் கண்டறிந்தார். இன்னும் கவலைக்குரியது, அமர்த்தியா சென் பல்லாண்டுகளாகச் சொல்லிவருவது: நெடுநாள் ஒடுக்கப்பட்டவர்கள், உயிர்வாழ்வதற்காகவே தம் ஆசைகளைச் சுருக்கிக்கொண்டு, கிடைத்ததில் நிறைவு காணப் பழகிவிடுகிறார்கள். அவர்களிடம் போய் 'நிறைவா?' என்று கேட்டு, 'ஆம்' என்ற விடையை வாங்கிக்கொண்டு திரும்பினால், அந்த அநீதிக்கு நாமும் சான்றிதழ் கொடுத்தவர்கள் ஆவோம். ஆகவே, மனநிறைவைக் கேட்டறியும் எண்ணோடு, ஆயுள், கல்வி, உடல்நலம், சட்டப் பாதுகாப்பு ஆகிய வெளியிலிருந்து அளக்கக்கூடிய எண்களும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பூடான் உண்மையிலேயே மகிழ்ச்சியை அளக்கிறதா, அல்லது அது வெறும் விளம்பரமா? – பயண ஆர்வலர்

விளம்பரம் அல்ல, அதே சமயம், சுற்றுலா ஏடுகள் வரையும் சித்திரமும் அல்ல. நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் 1970-களில் முன்வைத்த எண்ணம், 2008-ன் அரசியலமைப்பில் அரசின் கடமையாகவே இடம்பெற்றது. நிலப்பரப்பில் 60 விழுக்காடு என்றென்றும் காடாக இருக்க வேண்டும் என்ற விதியும் அதே சாசனத்தில் உண்டு. மொத்த தேசிய மகிழ்ச்சிக் குறியீடு 9 துறைகளையும் 33 அளவைகளையும் கொண்டது. உளநலம், உடல்நலம், கல்வி, பண்பாடு, ஆளுகை, சமூக உறவு, சூழல், வாழ்க்கைத்தரம் ஆகியவற்றோடு, நேரம் எப்படிச் செலவாகிறது என்பதும் ஒரு தனித் துறை. உறக்கத்துக்கு 8 மணி நேரம் போதிய அளவாகவும், வேலைக்கு 8 மணி நேரம் உச்ச வரம்பாகவும் கொள்ளப்படுகின்றன. தாயாரைப் பார்த்துக்கொள்வதாக எழுதிய சகோதரி கவனிக்க வேண்டும், அங்கே வீட்டில் செய்யும் ஊதியமில்லாத உழைப்பும் வேலை என்றே எண்ணப்படுகிறது. ஒருவர் மூன்றில் இரண்டு பங்கு அளவைகளில் போதிய நிலையை எட்டினால் மகிழ்ச்சியானவராகக் கருதப்படுகிறார். குறியீடு 2010-ல் 0.743, 2015-ல் 0.756, 2022-ல் 0.781.

ஆனால் எந்தத் துறையிலும் அளக்கப்படாத ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1990-களின் தொடக்கத்தில், நேபாளி மொழி பேசும் லோட்சாம்பா மக்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பூடானைவிட்டு வெளியேற்றப்பட்டு, நேபாளத்தில் அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டவரின் வீட்டுக் கதவைத் தட்டி எந்தக் கணக்கெடுப்பாளரும் கேள்வி கேட்பதில்லை. அண்மை ஆண்டுகளில் இளைஞர்கள் பெருமளவில் வேலை தேடி வெளிநாடு போவதும் அந்நாட்டுக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. பூடானின் அளவீட்டு முறையிலிருந்து உலகம் கற்க வேண்டியது நிறைய உண்டு என்றே நினைக்கிறேன். அதனாலேயே 'யாருடைய நல்வாழ்வு' என்ற கேள்வியை அங்கும் கேட்க வேண்டும் என்கிறேன்.

கேள்வி: இத்தனை அளவைகளை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? மக்களுக்கு ஒரே எண்தானே புரியும்? – பத்திரிகையாளர்

இதே வாக்குவாதம் பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக்குக்கும் அமர்த்தியா சென்னுக்கும் இடையில் நடந்தது. மனித வாழ்வின் பன்முகத்தை ஒரு எண்ணுக்குள் அடைப்பதில் சென்னுக்கு விருப்பமில்லை. உற்பத்திக் கணக்கைப் போலவே கரடுமுரடான, ஆனால் மனித வாழ்வுக்கு அதைப்போல் குருடாக இல்லாத ஓர் எண் இல்லாவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று ஹக் வற்புறுத்தினார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து 1990-ல் வெளிவந்த மனித வளர்ச்சிக் குறியீட்டின் வெற்றி, ஹக் சொன்னது சரி என்று சென் அவர்களையே ஒப்புக்கொள்ள வைத்தது. மறுபுறம், ஸ்டிக்லிட்ஸ், சென், ஃபித்துசி ஆகியோர் தலைமையிலான ஆணையம் 2009-ல் அளித்த அறிக்கை, வண்டியின் வேகத்தையும் மீதமுள்ள எரிபொருளையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டினால் ஓட்டுநருக்கு என்ன பயன் என்று கேட்டது. தலைப்புச் செய்திக்கு ஓர் எண்ணும், கொள்கை வகுப்போருக்கு ஓர் எண் வரிசையும் தேவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: அளந்து என்ன பயன்? அளந்ததால் எங்காவது ஒரு முடிவு மாறியிருக்கிறதா? – உள்ளாட்சி நிர்வாகத்தில் பணியாற்றுபவர்

எனக்கு வந்த கடிதங்களில் சிறந்த கேள்வி இதுதான். முடிவோடு பிணைக்கப்படாத அளவீடு அலமாரியில் தூங்கும். பிணைக்கப்பட்ட இடத்தில் மாறியிருக்கிறது. நியூசிலாந்து 2019-ல் நல்வாழ்வு வரவு செலவுத் திட்டம் ஒன்றை அறிவித்து, மனநலத்துக்கு மட்டும் 190 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கியது. அதுவரை மனநலம் அவ்வளவு பெரிய தொகைக்கு உரிய துறையாகக் கருதப்படவில்லை. பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் அதைவிட உறுதியான வழியில் சென்றது. 2015-ல் இயற்றப்பட்ட எதிர்காலத் தலைமுறைகளின் நல்வாழ்வுச் சட்டம், பொது அமைப்புகள் தம் முடிவுகளின் நீண்டகால விளைவை ஆராய்ந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கியதுடன், இன்னும் பிறக்காதவர்களின் சார்பில் பேச ஓர் ஆணையரையும் நியமித்தது. நியூபோர்ட் நகரத்தின் நெரிசலைத் தீர்க்க, நூறு கோடி பவுண்டுக்கும் மேலான செலவில், உயிர்வளம் மிக்க சதுப்பு நிலத்தின் ஊடாக ஒரு நெடுஞ்சாலை திட்டமிடப்பட்டிருந்தது. இந்தச் சாலை அச்சட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்தாது என்று ஆணையர் வெளிப்படையாக எதிர்த்தார். 2019 ஜூனில், செலவையும் சூழல் சேதத்தையும் காரணமாகச் சொல்லி வேல்ஸின் முதலமைச்சர் திட்டத்தைக் கைவிட்டார். சட்டம் மட்டுமே அதைத் தடுத்தது என்று சொன்னால் மிகையாகிவிடும். ஆனால் பேரன் பேத்திகளின் காலத்தைப் பற்றிய கேள்வி, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்னரே மேசைக்கு வந்துவிட்டது.

கேள்வி: வறுமையில் வாடும் நாடுகளிடம் போய் 'உற்பத்தி முக்கியமில்லை' என்பது கொடுமையல்லவா? – சிறுதொழில் முனைவோர்

அப்படிச் சொன்னால் கொடுமைதான். நான் அப்படிச் சொல்லவில்லை. ஏழை நாட்டில் வருமானம் கூடும்போது குழந்தைகள் சாவது குறைகிறது, வீட்டுக்கு விளக்கும் நீரும் வருகின்றன. ஏணிக் கேள்விக்கான விடையும் உயர்கிறது. எதன் வளர்ச்சி, எதற்காக என்று கேட்க வேண்டும் என்பதே குஸ்நெட்ஸ் பிற்காலத்தில் எழுதியதும் நான் எழுதுவதும். கோஸ்டாரிக்காவின் தலா வருமானம் அமெரிக்காவினுடையதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அங்கே பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் அமெரிக்கக் குழந்தையினுடையதற்குக் குறைந்ததில்லை. 1948-ல் படையையே கலைத்துவிட்டு, கல்விக்கும் பொது மருத்துவத்துக்கும் தொடர்ந்து செலவிட்ட நாடு அது. அமெரிக்காவிலோ 2014-ல் 78.9 ஆண்டாக இருந்த சராசரி ஆயுள் 2017-ல் 78.6 ஆகக் குறைந்தது. அந்த மூன்றாண்டும் பொருளாதாரம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. போதைமருந்து, தற்கொலை, குடியால் கெட்ட ஈரல் ஆகியவற்றால் நடு வயதினர் மடிவதை ஆன் கேஸும் ஆங்கஸ் டீட்டனும் கண்டறிந்து சொன்ன பிறகே அந்நாடு விழித்தது. உற்பத்தி எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சாவுகள் தெரிந்திருக்க வழியே இல்லை.

கேள்வி: நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் என்ன கேட்பார்கள்? எங்கள் வீட்டுக்கு வந்தால் எப்படி விடை சொல்வது? – பன்னிரண்டாம் வகுப்பு மாணவி

முந்தைய நாளின் 24 மணி நேரத்தையும் பத்து நிமிடம் அல்லது அரைமணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். பல கணக்கெடுப்புகளில், அதே நேரத்தில் வேறு எதுவும் செய்தீர்களா என்று இரண்டாவது பத்தி ஒன்றும் இருக்கும். அதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். 'தொலைக்காட்சி பார்த்தேன்' என்று முதல் பத்தியில் எழுதிவிட்டு, அப்போது மடியில் உறங்கிய தம்பியையும் அடுத்த அறையில் யாராவது இருமினால் எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருந்ததையும் எழுதாமல் விட்டுவிடுவார்கள். கூட இருந்து கவனிக்கும் இத்தகைய நேரம் குறைவாகப் பதிவாவது எல்லா நாடுகளிலும் உள்ள குறை. உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், உங்கள் விடையைச் சொல்லிவிட்டு எழுந்துவிடாமல், அம்மாவோ பாட்டியோ விடை சொல்லும்போதும் பக்கத்தில் உட்காருங்கள். 'அந்த நேரம் சும்மாதான் இருந்தேன்' என்று அவர்கள் சொன்னால், நீங்கள் பார்த்ததை எடுத்துச் சொல்லி இரண்டாவது பத்தியில் எழுதச் சொல்லுங்கள்.